கடல் தாண்டிக் காற்றுப் பாடம்: எஸ்டேட் பிள்ளைகளுக்கு எட்டுமா?

கடலில் பெரிய பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அதன் இழுவையில் ஒரு பலகைமேல் நின்றபடி தண்ணீரில் சறுக்கிப் போகும் விளையாட்டுக்கு கைட்போர்டிங் என்று பெயர். பார்ப்பதற்கு வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. ஆனால் அதைக் கற்றுக்கொடுப்பது ஒரு தொழில். ஸ்பெயினின் தரிஃபா, எகிப்தின் செங்கடல் கரை, ஆப்பிரிக்காவின் சான்சிபார், வியட்நாமின் முய் நே, இலங்கையின் கல்பிட்டி என்று காற்று அடிக்கும் கரைகளில் எல்லாம் இதற்கான பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பள்ளிகளுக்குப் பயிற்றுநர்கள் வேண்டும். பருவத்துக்குப் பருவம் நாடு விட்டு நாடு போய்க் கற்றுக்கொடுத்து வாழ்பவர்கள் பலர்.

இந்த வேலைக்குக் கல்லூரிப் பட்டம் கேட்பதில்லை. நன்றாக நீந்தத் தெரிய வேண்டும். காற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலம் பேச வேண்டும். கையில் ஒரு சான்றிதழ் வேண்டும்.

நீலகிரியில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 7.35 லட்சம் பேர். அவர்களில் சுமார் 32 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரி 20 சதவீதம்தான். இவர்களில் பெரும் பகுதியினர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழ்பவர்கள். இங்கே வெளிநாடு என்றால் இரண்டு பேச்சுதான் உண்டு. படித்தால் கம்ப்யூட்டர் வேலை. படிக்காவிட்டால் வளைகுடாவில் டிரைவர் வேலை, ஹோட்டல் வேலை. இடையில் இருக்கும் கைத்திறன் தொழில்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. கைட்போர்டிங் பயிற்றுநர் வேலை அப்படிப்பட்ட ஒன்று. அதில் வழியும் இருக்கிறது, வலையும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

தொழில் எப்படிப்பட்டது?

காற்று அடைத்த குழாய்களைக் கொண்ட பட்டம்தான் இந்த விளையாட்டின் அடிப்படை. தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மறுபடி எழும்பக்கூடிய இந்தப் பட்டத்துக்கு 1984-ல் காப்புரிமை பெற்றவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த புருனோ லெகேனியூ, டொமினிக் லெகேனியூ என்ற சகோதரர்கள். அது உலகெங்கும் பரவியது 1990களின் கடைசியில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதல்முறையாகப் போட்டியானது. மார்செய் கடலில் நடந்த அந்தப் போட்டியில் பெண்கள் பிரிவில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிஜ் தங்கம் வென்றார். ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்ற மேக்ஸ் மேடர் சிங்கப்பூர்க்காரர். அப்போது அவருக்கு வயது 17. கடலோர விடுதி நடத்தும் குடும்பத்தில் பிறந்ததால் சின்ன வயதிலேயே பட்டம் அவர் கைக்கு வந்துவிட்டது.

பட்டத்திலிருந்து வரும் கயிறுகள் 20 மீட்டருக்கும் மேல் நீளமானவை. அவை ஒரு கைப்பிடிக் கட்டையில் சேரும். கட்டையை இடுப்பில் அணியும் பட்டைவாரின் கொக்கியில் மாட்டுவார்கள். இழுவையைத் தாங்குவது கை அல்ல, இடுப்பு. மணிக்கு 22 முதல் 45 கிலோமீட்டர் வேகக் காற்று இதற்கு ஏற்றது. அதற்குக் குறைந்தால் பட்டம் இழுக்காது. மிஞ்சினால் ஆளையே தூக்கி அடித்துவிடும். ஆபத்து வந்தால் ஒரே தள்ளலில் பட்டத்தை விடுவிக்கும் பூட்டு ஒன்று உண்டு. முதல் பாடமே அந்தப் பூட்டைத்தான் சொல்லித்தரும்.

பாடம் கரையில் தொடங்கும். சிறிய பட்டத்தை வைத்துக் காற்றின் எந்த இடத்தில் இழுவை அதிகம், எந்த இடத்தில் குறைவு என்று பழக்குவார்கள். அடுத்து பலகை இல்லாமல் உடம்பை மட்டும் தண்ணீரில் இழுக்கவிடுவார்கள். விழுந்த பட்டத்தைத் தண்ணீரிலிருந்தே எழுப்பப் பழக்குவார்கள். அதன் பிறகுதான் பலகை. கடைசியில், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. அது வந்துவிட்டால் மாணவர் தனியாகப் போகலாம்.

மாணவருக்குப் பின்னால் நின்று பட்டைவாரின் பிடியைக் கையில் பிடித்துக்கொண்டே பயிற்றுநர் சொல்லித்தருவார். மாணவரின் உயிர் அந்தக் கையில் இருக்கிறது. எனவே பயிற்றுநரின் முதல் தகுதி சாகசம் அல்ல. இன்று காற்று சரியில்லை, யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லும் தெளிவுதான். கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். கடலுக்குப் புதிதாக வருகிறவருக்கு அது தெரியாது. சொல்லித்தருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?

உலகில் பல பள்ளிகள் ஏற்கும் சான்றிதழைத் தருவது ஐ.கே.ஓ. எனப்படும் சர்வதேச கைட்போர்டிங் அமைப்பு. பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் தனி அமைப்புகளும் உண்டு. முதலில் மாணவராகப் படிப்படியாகத் தேற வேண்டும். பிறகு உதவிப் பயிற்றுநர் வகுப்பு. ஒரு பள்ளியில் மூத்தவரின் கண்காணிப்பில் பழகிய பின் பயிற்றுநர் வகுப்பு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதலுதவிச் சான்றிதழும் கட்டாயம்.

வகுப்புகள் சில நாட்கள்தான். ஆனால் அந்த வகுப்பில் உட்காரும் அளவுக்குத் தேறுவதற்குப் பல மாதக் கடல் பழக்கம் வேண்டும். அங்கேதான் பணம் பேசுகிறது. பட்டம், கட்டை, பலகை, பட்டைவார் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை. பல அளவுப் பட்டங்களோடு முழுத் தொகுதி வாங்கினால் லட்சங்களில் போகும். பாடத்துக்குத் தனிக் கட்டணம்.

வசதியில்லாதவர்கள் உலகெங்கும் போன வழி வேறு. பள்ளியில் உதவியாளாகச் சேர்வார்கள். பட்டத்துக்குக் காற்றடிப்பது, கயிறு விரிப்பது, விழுந்தவரைப் படகில் போய்த் தூக்குவது என்று வேலை செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் பள்ளியின் பட்டத்திலேயே பழகுவார்கள். கல்பிட்டியில் உள்ளூர் இளைஞர்கள் பயிற்றுநர்களாக உயர்ந்திருக்கிறார்கள். கரையில் பிறந்தவர்களுக்கு இது எட்டும். மலையில் பிறந்தவர்கள் கரைக்கு வந்து தங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தக் கரை இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பிரப்பன்வலசை, ராமேஸ்வரம் பகுதியில் கைட்போர்டிங் கற்றுத்தருகிறார்கள். நிலம் ஒடுங்கிய பகுதி அது. ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. கோடையில் தென்மேற்குக் காற்று. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று. ஆழம் குறைந்த, அலை அடங்கிய தண்ணீர். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற இடம். எதிர்க்கரையில் கல்பிட்டிக்கும் இதே இரண்டு பருவக் காற்றுதான்.

அந்தக் கடல் நமக்குப் புதிதல்ல

மண்டபம் என்ற பெயர் நீலகிரித் தோட்டங்களில் வயதானவர்களுக்கு நன்றாகத் தெரியும். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோன காலத்தில் மண்டபத்தில்தான் முகாம் இருந்தது. நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அங்கே அடைத்து வைத்து, பரிசோதித்து, எண்ணிக் கப்பலேற்றினார்கள். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் அந்தப் பயணத்தை எளிதாக்கியது. போனவர்களில் பெரும் பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர். பஞ்சமும் சாதியும் ஊரைவிட்டுத் துரத்தியவர்கள்.

அவர்கள் கடனோடுதான் போனார்கள். வழிச்செலவையும் முன்பணத்தையும் கங்காணி அவர்கள் கணக்கில் எழுதினார். எவ்வளவு கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிக்கலாம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் தொகையை அடுத்த தோட்டம் கட்டினால்தான் தொழிலாளி அங்கே போகலாம். ஆளும் கடனும் சேர்ந்தே கை மாறின. 1921-ல்தான் துண்டு முறை ஒழிந்தது.

1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைக் கணக்குப் போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேருக்குப் பிறகு பார்க்கலாம் என்றது. அந்த மக்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது. அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்று குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டேன்டீ அதுதான்.

நம் தாத்தா பாட்டிகள் அந்தக் கடலை இரண்டு முறை கடந்தார்கள். போகும்போது கடனாளிகள், வரும்போது அகதிகளைப் போன்றவர்கள். பேரப்பிள்ளைகள் அதே கடலைக் கடக்கப் போவதென்றால், கையில் கடன் சீட்டு இருக்கக் கூடாது, தொழில் சான்றிதழ் இருக்க வேண்டும். இந்தத் தொழிலை எடைபோட இந்த ஒரு அளவுகோல் போதும்.

மலையிலிருந்து போன கணக்கர்

நீலகிரியிலிருந்து கடல் தாண்டிப் போன தலித் முன்னோடி ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், இளம் வயதில் நீலகிரியில் ஐரோப்பியர்களின் வணிக நிறுவனங்களில் கணக்கர் வேலை பார்த்தவர். பிறகு சென்னைக்குப் போய் 1893-ல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1900 வாக்கில் கப்பலேறி ஆப்பிரிக்கா போனார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார்.

அதே நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கும் சீனிவாசனுக்கும் இருந்த வேறுபாடு மொழியும் கணக்கும்தான். அவர் தொழிலோடு போனார். திரும்பி வந்து சென்னைச் சட்டமன்றத்தில் உட்கார்ந்தார். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். வெளிநாடு அவரை ஊரிலிருந்து பிரிக்கவில்லை. ஊருக்காகப் பேசும் குரலைக் கொடுத்தது.

பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம் எல்லாருக்கும் உரியவை என்று 1920களில் சென்னைச் சட்டமன்றத்தில் பேசியவர்களில் அவரும் ஒருவர். குளத்தைப் பற்றிய அந்தப் பேச்சுக்கும் கைட்போர்டிங்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

நீச்சல் என்னும் முதல் பூட்டு

நீச்சல் கிணற்றிலும் குளத்திலும் பழகுவது. ஊர்க் குளத்தில் இறங்கவிடாத சாதிக்கு நீச்சல் எங்கே வரும்? 1927 மார்ச் 20-ல் மகாத் சௌதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தது குடிநீருக்கான போராட்டம் மட்டும் அல்ல. பொதுத் தண்ணீரில் கால் வைக்கும் உரிமைக்கான போராட்டமும்கூட. அந்த வழக்கில் தீர்ப்பு கிடைக்க 1937 ஆயிற்று.

மலையில் இந்தப் பூட்டு வேறு வடிவில் இருக்கிறது. தண்ணீர் குளிர்ந்தது. பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு போன்றவை மின்சாரத்துக்கான அணைகள். குளிக்க இறங்கும் இடங்கள் அல்ல. ஊட்டி ஏரி படகு விடுவதற்கு. கட்டணம் அதிகமான உறைவிடப் பள்ளிகளின் மதிலுக்குள் நீச்சல் குளங்கள் இருக்கின்றன. அந்த மதிலுக்கு வெளியே உள்ள லைன் வீட்டுப் பிள்ளைக்கு அவை கண்ணில் படுவதோடு சரி. மலையேறுவதும், பாரம் சுமப்பதும், மழையில் நிற்பதும் இயல்பாக வருகிற உடம்புகள் இவை. தண்ணீர் மட்டும் பழகவில்லை. அது குறை அல்ல, கிடைக்காத வசதி. நல்ல பயிற்சி கிடைத்தால் சில மாதங்களில் சரிசெய்யக்கூடியது.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பட்டத்தை ஓட்டுவது தோள்வலிமை அல்ல, நிதானம். பெண் பயிற்றுநர்தான் வேண்டும் என்று கேட்கும் மாணவிகளும் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நீச்சல் உடை, வெளியூர்த் தங்கல் என்று வீட்டில் எழும் தயக்கங்களைப் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

கூலிக் கணக்கு

இந்த வேலையை மாதச் சம்பள வேலை என்று நினைத்துப் போகக் கூடாது. பல பள்ளிகளில் கற்பித்த மணி நேரத்துக்குத்தான் கூலி. காற்று இல்லாத நாளில் பாடம் இல்லை. பாடம் இல்லாத நாளில் கூலியும் இல்லை. பருவம் முடிந்தால் பள்ளி மூடும். அடுத்த பருவத்துக்கு அடுத்த நாடு தேட வேண்டும். தங்குமிடம் சில இடங்களில் பள்ளியே கொடுக்கும். வேலை போனால் தங்குமிடமும் போகும்.

இது நமக்குத் தெரியாத கதையா? கொழுந்து இருந்தால் வேலை. எடைக்கு ஏற்ப ஊக்கத்தொகை. ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டத்தில் மழையை நம்பியது போல, அங்கே காற்றை நம்ப வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. பறித்த கொழுந்தின் எடை தோட்டத்துக்குச் சொந்தம். கற்ற திறமை தொழிலாளிக்குச் சொந்தம். அதை எந்தக் கரைக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் தொழிலாளி தன் உரிமையைக் கேட்டு வாங்கத் தெரிந்தவராக இருந்தால்தான் அந்த வேறுபாடு பயன்படும்.

போகும் முன் பார்க்க வேண்டியவை

பத்தாம் வகுப்பில் தேறுங்கள். இது வெறும் அறிவுரை அல்ல. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்ற குறிப்பு வரும். அவர்கள் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போக வேண்டுமானால் மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரிடம் அனுமதி பெற வேண்டும். கைட்போர்டிங் நடக்கும் ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், தாய்லாந்து ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தேறியவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

சுற்றுலா விசாவில் வந்து வேலை பாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் போக வேண்டாம். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது வேலை கொடுத்தவர் அல்ல, வேலை பார்த்தவர்தான். கூலி தராவிட்டாலும் புகார் கொடுக்க முடியாது. மணிக்கு எவ்வளவு கூலி, காற்றில்லாத நாளில் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, திரும்பிவர டிக்கெட் யார் எடுப்பது என்ற நான்கும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் ஒப்படைக்கக் கூடாது.

ஏஜென்ட் மூலம் போவதானால் அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் மாநில அரசு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதன் அறிவிப்புகளையும் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டிக்குக் கடன் வாங்கிச் சான்றிதழ் வாங்காதீர்கள். இரண்டு பருவக் கூலி கடனுக்கே போனால், அந்தச் சான்றிதழ் பழைய துண்டுச் சீட்டுதான்.

அரசு செய்ய வேண்டியது

பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் வந்திருக்கிறது. நல்லது. ஆனால் இரண்டும் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கானவை. சில மாதப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் வாழ்க்கையை மாற்றக்கூடிய தொழில்களுக்கு அங்கே இடமில்லை.

அந்த இடத்தை தாட்கோ நிரப்ப முடியும். இளைஞர்களுக்குத் தங்குமிடத்தோடு இலவசத் திறன் பயிற்சி தரும் அனுபவம் அதற்கு இருக்கிறது. அந்தப் பட்டியலில் நீர் விளையாட்டுப் பயிற்றுநர், உயிர்காப்பாளர் பயிற்சிகளைச் சேர்க்க வேண்டும். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் உயிர்காப்புப் பயிற்சி தருகிறது. அங்கே அனுப்பலாம். ராமநாதபுரம் கடற்கரையில் நீர் விளையாட்டு அகாடமி அமைக்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்திருக்கிறது. அது வரும்போது கடலோர மீனவப் பிள்ளைகளோடு மலைத்தோட்டப் பிள்ளைகளுக்கும் விடுதியோடு இடம் ஒதுக்க வேண்டும். தாயகம் திரும்பியோருக்காகவே 1969-ல் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கி இதில் கைகொடுக்கலாம்.

அதற்கு முன்பு ஒரு சின்ன வேலை இருக்கிறது. நீலகிரியில் அரசுப் பள்ளி மாணவர்கள் பழகுவதற்கு வெந்நீர் வசதியுள்ள ஒரு பொது நீச்சல் குளம் வேண்டும். அது வரும்வரை, கோடை விடுமுறையில் சமவெளிக்கு அழைத்துப் போய் நீச்சல் முகாம் நடத்தலாம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஆதிதிராவிடர் நலத்துறையும் சேர்ந்தால் அடுத்த கோடையிலேயே முடியும்.

நூறு பேர் முகாமுக்குப் போனால் நூறு பேரும் கைட்போர்டிங் பயிற்றுநர் ஆகப் போவதில்லை. இரண்டு மூன்று பேர் ஆகலாம். சிலர் உயிர்காப்பாளர் ஆகலாம். சிலர் கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் முயலலாம். மீதி எல்லாருக்கும் நீந்தவாவது தெரியும்.

பந்தலூரிலோ கோத்தகிரியிலோ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி தங்கைகள் இப்போது செய்யக்கூடியது மூன்று. சாதிச் சான்றிதழைச் சரியாக வாங்கி வையுங்கள். தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு இதில் அலைச்சல் இருப்பதால் கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம். கோயம்புத்தூர் மண்டலத்தின் கீழ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் போய், நீர் விளையாட்டுப் பயிற்சிக்கு இடம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தாலும் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பத்துப் பேர் கேட்டால் அது மனு. நூறு பேர் கேட்டால் அது திட்டம்.